முதல் வாய்

என் மகள் நர்ஸாக இருந்த எஸ்டேட்டில், மருந்தைக் கொடுக்கிறவர் அதை முதலில் தானே ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். துரை வீட்டு மருந்து குடலை வேகவைத்துவிடும் என்று தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பேச்சு. உதட்டை நனைத்துவிட்டு ஏமாற்ற முடியாது. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள்.

நான் அங்கே பள்ளிக்கூட டீச்சர். கணவர் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம்.

ஓர் ஐப்பசி மழையில் சீதபேதி வந்தது. அதற்குக் கொடுக்கும் பழுப்பு மருந்தில் அபின் கலந்திருக்கும்.

“ஏனுங்க நர்சம்மா, மொதல்ல நீங்க குடிங்க. செத்தா சேர்ந்தே போலாமுங்க” என்றாள் ஒரு பெண்.

“உங்க ஊட்டுக்காரர உட்டுட்டு எங்கூட எதுக்குங்க வர்றீங்க?” என்று சிரித்துக்கொண்டே என் மகள் குடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குடித்தார்கள். அடுத்த வீட்டில் மறுபடியும் ஒரு வாய்.

மருந்து எல்லோரையும் காப்பாற்றவில்லை. குழந்தைகள் இறந்தன. கழுவித் துணி சுற்றிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு அவள் அடுத்த வாசலில் போய் நிற்க வேண்டும். அழக் கூடாது. நர்ஸ் அழுதால் ஜனங்கள் பயந்து மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கிவிடுவார்கள் என்று, வாரத்துக்கொரு முறை வரும் டாக்டர் சொல்லி வைத்திருந்தார். அவள் அழவே இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்து அமைதியாகத் தூங்கினாள். எதற்கெடுத்தாலும் பதறுகிற எனக்கு, இவ்வளவு திடமான பெண்ணா என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

மழை விட்டது. சீதபேதியும் போனது. அவள் முகத்தில் இருந்த அந்த அமைதி மட்டும் போகவில்லை.

கோடையில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நடந்து போனோம். பாதி வழியில், நல்ல வெயிலில், அவளுக்கு உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்துக்கொண்டது. கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகியது.

“என்ன கண்ணு, காய்ச்சலா?”

“இல்லீங்கம்மா. இன்னிக்குக் குடிக்காம வந்துட்டேன்.”

எதை என்று கேட்டேன். அந்தப் பழுப்பு மருந்தைத்தான் என்றாள். “அந்தக் கொழந்தைகளச் சுத்தினது இந்தக் கைதானுங்கம்மா. ஒரு வாய் குடிச்சா இது வேற யாரோட கையோன்னு இருக்கும். அளவு தெரிஞ்சவ நான், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

கோயிலுக்குப் போகாமலே திரும்பினோம். டாக்டரிடம் சொன்னால் வேலை போகும், பேர் கெடும். குடிப்பதை வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அவள் வாந்தியெடுத்தாள், சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு கத்தினாள். அது சற்றே தணியத் தொடங்கியபோது ஆனி மழை பிடித்தது. லைனிலிருந்து ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“நிக்காமப் போவுதுங்க நர்சம்மா. சீக்கிரம் குடிச்சுக் காட்டுங்க.”

மகள் புட்டியைத் திறந்து ஒரு தம்ளரில் ஊற்றினாள். இதை அவள் குடித்தால் இத்தனை நாள் பட்ட பாடும் வீண். அவள் என்னைப் பார்த்தாள். நான் தம்ளரை வாங்கிக்கொண்டேன்.

“டீச்சரம்மா பாடஞ் சொல்றவங்க. மருந்தப் பத்தி அவங்களுக்கு என்னங்க தெரியும்?” என்றாள் வந்தவள்.

“எங்கம்மாளுக்கு நானே வெஷங் குடுப்பனுங்களா?” என்றாள் மகள்.

அந்தப் பெண் என் தொண்டையையே பார்த்தாள். நான் விழுங்கினேன். குழந்தைக்கு மருந்து இறங்கியது. அதோடு முடியவில்லை, லைன் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். மகள் அளந்து ஊற்ற, வாசலுக்கு வாசல் நான் குடித்துக் காட்டினேன்.

பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உடம்பில் ஒரு வெதுவெதுப்பு ஏறியது. பக்கத்து அறையில் மகள் மறுபடியும் வாந்தியெடுக்கும் சத்தம். “அம்மா” என்று கூப்பிட்டாள். எழுந்து போக வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எழத் தோன்றவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து என்னை விடாத பயத்தைத் தேடிப் பார்த்தேன். அது இருந்த இடம் காலியாக, சுகமாக இருந்தது.

அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி வந்து, என் கண் இமையை விரித்துப் பார்த்தாள். என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

“தூங்கிராதீங்கம்மா. என்னையப் பாருங்க. இப்ப எம்மேல கவலை இருக்குதுங்களா?”

“இல்லை சாமி” என்றேன்.

அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அழுததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். மறுநாள் காலை, என்னைக் கேட்காமல், அவளே டவுனிலிருந்த டாக்டரின் பங்களாவுக்கு, மருந்து அலமாரிச் சாவியை ஒப்படைக்க நடந்து போனாள்.