நட்டநடு நாற்காலி

சேக்காட்டில் ரேகா தன் வீட்டு வாசலில் நின்று காதைத் தீட்டினால் போதும், அம்பத்தூரில் எந்த வீட்டு டிவிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பூந்தமல்லியில் எந்த ஸ்பீக்கர் இருமுகிறது என்று தெருப் பெயர், கதவு எண் சகிதம் சொல்லிவிடுவாள். சரி, இது கொஞ்சம் அதிகம்தான். பூந்தமல்லியை எடுத்துவிடலாம். அம்பத்தூரும் அன்றைக்குக் காற்று அடிக்கிற திசையைப் பொறுத்தது. ஆனால் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும் என்பது சத்தியம். அதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அந்தக் காது சும்மா வந்த காது இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பீக்கர் கம்பெனியில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பதினோரு வருஷம் பழுத்த காது. பெல்ட்டில் ஸ்பீக்கர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் அடிவயிற்றிலிருந்து ‘ஊ’ என்று கிளம்பி, உச்சந்தலையில் ‘ஈ’ என்று முடிகிற ஓர் ஓசையை மூன்றே விநாடி பாடிக் காட்டும். நடுவில் எங்கேயாவது எறும்பு கனைத்தாற்போல் ஒரு ‘கர்’ கேட்டால் இடது தட்டு. கேட்காவிட்டால் வலது தட்டு. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு ஸ்பீக்கர். கல்யாணம் ஆன புதிதில் கணவன் கொட்டாவி விட்டால்கூட அவள் கை தானாக இடது பக்கம் நகரும் என்பார்கள்.

காது கண்ணாடி அறையில் கூர்மையாயிற்று என்றால், குரல் அறைக்கு வெளியே பெருத்துப்போயிற்று. மெஷின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவளிடம் தண்ணீர் பாட்டில் கேட்பதற்கும் கத்தித்தான் ஆகவேண்டும். அந்தக் குரலோடு வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றபடி “உப்பு எங்க கீது?” என்று அவள் மாமியாரைக் கேட்டால், மூன்றாம் வீட்டுக்காரி உப்பு ஜாடியோடு வாசலில் வந்து நிற்பாள். தெருவே அவளுக்கு ‘சவுண்டு ரேகா’ என்று பெயர் வைத்தது. முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அவளுக்குக் கேட்டுத் தொலைத்தது.

கம்பெனி வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்டியபோது, கூட வேலை பார்த்தவர்கள் புடவைக் கடைக்கும் பிஸ்கட் கம்பெனிக்கும் போனார்கள். ரேகா ஒரு வாரம் யோசித்தாள். எட்டாம் நாள் தன் ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் ஒரு பலகையை மாட்டினாள்: ‘சவுண்டு ரேகா. டிவி, சவுண்ட் பார், ஹோம் தியேட்டர். சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் அழைக்கவும்.’ கேலி செய்த தெருவே அதற்கப்புறம் அந்தப் பெயரைப் பலகையில் பார்த்து, போன் நம்பர் குறித்துக்கொண்டது.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் அவளுக்கு மூன்று கேள்வி உண்டு. யாருக்குக் கேட்கவில்லை? எப்போதிலிருந்து? அப்போது வீட்டில் என்ன நடந்தது? காட்டுப்பாக்கத்து அடுக்குமாடி வீட்டில், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் விக்ரம் என்ற பையன், டிவி மூன்று நாளாக ஊமையாகிவிட்டது, போர்டு போய்விட்டது என்று அவளைக் கூப்பிட்டிருந்தான். மூன்றாவது கேள்விக்கு, மனைவி ஊரிலிருந்து வந்து வீட்டை ஒழுங்குபடுத்தினாள் என்று பதில் சொன்னான். ரேகா நேரே போய்ப் பீரோவைத் திறந்தாள். டிவியோடு ப்ளூடூத்தில் ஜோடி சேர்ந்திருந்த அவனுடைய ஹெட்போன், சார்ஜர் ஒயரில் தொங்கியபடி, பட்டுப்புடவைகளுக்கு உலகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

நெமிலிச்சேரி லோகநாதன் வீட்டில் மட்டும் அவளே ஆடிப்போனாள்.

போனில் அவர் சொன்னது இதுதான். “எங்க அம்மாவுக்குக் காது சுத்தமா போயிடுச்சிம்மா. டிவில பேசறது ஒண்ணும் கேக்கலன்றாங்க. இன்னும் பெரிய ஸ்பீக்கரா ரெண்டு போட்டுக் குடு. நாயித்துக்கெழம காத்தால வந்துடு.”

ஞாயிற்றுக்கிழமை காலை ரேகா போய் இறங்கியபோது கன்னியம்மாள் கூடத்தின் நடுவில், மெத்தை தைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தொன்பது வயது. காதில் ஒரு மெஷின். முகத்தில் யார்மேலோ கோபம். எதிரே பெரிய டிவி, அதன் இரண்டு பக்கமும் இடுப்பளவு ஸ்பீக்கர்கள்.

“இன்னா பெரிம்மா, எப்பலேர்ந்து கேக்கல?”

“தை மாசத்துலேர்ந்து. வாயி அசையுது, வார்த்த வரமாட்டேன்து. பின்னால வயலின் மட்டும் அழுவுது. எம் புள்ள எந்த டாக்டரையும் கேக்காம இந்த மிஷின வாங்கியாந்து மாட்டிவுட்டான். இப்ப வயலின் இன்னும் ஓங்கி அழுவுது.”

“கேக்கலன்னா கேக்காமப் போவட்டும் பெரிம்மா. சீரியலுதான?”

கன்னியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தார். “சீரியலா பெரிசு? ரிங் ரோட்டுக்கு அந்தாண்ட என் கீரத் தோட்டம் கீது. நாப்பது வருசமா பொழுது வெடிய நான் அங்க நிக்கறேன். காது கேக்காத பொம்பள லாரி வர்ற ரோட்ட எப்டித் தாண்டுவான்னு இவன் போவக்கூடாதுன்றான். அந்த எடத்த சம்பந்தம் கேக்கறானாம், தண்ணி லாரி நிறுத்தறதுக்கு. இன்னிக்கு வரான், வார்த்த முடிக்க.”

“நீங்க காது நல்லா கீதுன்னு சொல்லலாமில்ல?”

“சொல்லாமலா? தொண்ட வலிக்கச் சொன்னேன். ஆனா இங்க உக்காந்து அந்த டிவியப் பாத்துப் பாத்து, இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சிடி.” கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் இறங்கியது. கீரைக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறுகிற பெண்பிள்ளையின் குரல் இறங்குவதை ரேகாவால் தாங்க முடியவில்லை.

அவள் காது மெஷினை அணைத்துவைக்கச் சொல்லிவிட்டு, ஒயரைப் பார்க்கிற பாவனையில் நாற்காலிக்குப் பின்னால் போனாள். தன் பிறவிக் குரலை மடக்கி மடக்கிக் கைக்குட்டை அளவுக்கு ஆக்கிக்கொண்டு முணுமுணுத்தாள். “முளைக்கீர இருந்தா ஒரு கட்டு எடுத்துனு போலாம்.”

“சிறுகீரதான் கீது. போறப்ப வாங்கினு போ” என்றார் கன்னியம்மாள், திரும்பாமலே.

வாசலிலிருந்து வந்த லோகநாதனிடம் ரேகா விஷயத்தைச் சொன்னாள். அம்பத்தூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருபது வருஷமாக அளவு சரிபார்க்கிற மனிதர் அவர், கணக்காகப் பேசினார். “பக்கத்துல பேசனா கேக்குது, ஒத்துக்கறேன். ஆனா இதோ, நான் நிலையாண்ட நிக்கறேன், எனக்கு டிவி கேக்குது. ராதிகா அடுப்பாண்ட நிக்கறா, அவளுக்கும் கேக்குது. எங்கம்மா டிவிக்கு நேரா உக்காந்துகினு கேக்கலன்றாங்க. அப்ப கொற யாராண்ட?”

“நீ அந்தச் சேர்ல உக்காந்து பாத்தியாண்ணா?”

லோகநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அது அம்மா சேராச்சே. அதுல நாங்க எப்டி?”

அந்த வீட்டில் அது எழுதாத சட்டம். அம்மாவுக்கென்று வாங்கிப்போட்ட நாற்காலியில் மகன் உட்கார்ந்ததில்லை, மருமகள் உட்கார்ந்ததில்லை. விருந்தாளி உட்காரப் போனால் ராதிகா ஓடிவந்து சோபாவைக் காட்டுவாள். ரேகா கன்னியம்மாளைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, டபக்கென்று அதில் உட்கார்ந்தாள். சமையலறை வாசலில் ராதிகா “ஐயோ” என்றாள்.

டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிக்கிறவரின் வாய் அசைந்தது. பேச்சு எங்கேயோ கிணற்றடியில் கரைந்து, சவசவவென்று ஒரு காற்று மட்டும் வந்தது. பதினோரு வருஷக் காது! எறும்பு கனைத்ததைப் பிடித்த காது! அதுவும் போயிற்றா? அவள் பதறிப்போய்த் தலையை ஒரு சாண் இடது பக்கம் சாய்த்தாள். பேச்சு வந்தது. நடுவே கொண்டுவந்தாள். போயிற்று. வலது பக்கம் சாய்த்தாள். வந்தது. செட்டியார் கடைத் தஞ்சாவூர்ப் பொம்மைபோல் நாலு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிவிட்டு, வீடே அதிரச் சிரித்தாள். ராதிகாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“நீ வாண்ணா. வந்து குந்து.”

“ஐயோ, நானா?”

“நீதான். ஒங்கம்மாவே சொல்றாங்க.”

“குந்துடா” என்றார் கன்னியம்மாள்.

லோகநாதன் நுனியில் உட்கார்ந்தார். பிறகு நன்றாக உட்கார்ந்தார். முகம் வெளுத்தது. “ரேகா, எனக்கும் கேக்கலியே!”

“ஆமாண்ணா. குடும்ப வியாதி.”

கன்னியம்மாள் காதிலிருந்த மெஷினைக் கழற்றி, மகனுடைய சட்டைப் பையில் மரியாதையாகப் போட்டார்.

“இந்தச் சேர இங்க யாரு போட்டது?” என்று கேட்டாள் ரேகா.

“நான்தான். ரெண்டு ஸ்பீக்கருக்கும் இஞ்ச் டேப் வச்சி அளந்து, கரெக்டா சென்டர்ல.”

“தை மாசத்துல ஊட்ல இன்னா நடந்துச்சி?”

“பொங்கலுக்குப் பெயிண்டு அட்ச்சோம். ஸ்பீக்கர்லாம் கயட்டி வெளில வச்சிட்டு, திரும்ப நானே...” லோகநாதன் பாதியில் நிறுத்தினார்.

ரேகா வலது ஸ்பீக்கரின் முதுகுக்குப் பின்னால் குனிந்தாள். சிவப்புத் துளையில் கறுப்பு ஒயரும், கறுப்புத் துளையில் சிவப்பு ஒயரும் வீடு மாறி நுழைந்த சம்பந்திகள்போல் உட்கார்ந்திருந்தன.

“ஒரு கதவ ஒருத்தன் உள்ளேர்ந்து தள்ளறான், இன்னொருத்தன் வெளியேர்ந்து அதே பலத்துக்குத் தள்ளறான். கதவு ஆடுமாண்ணா? ஒயர மாத்திக் குத்தனா ஸ்பீக்கரும் அப்டித்தான். ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும். பேச்ச ரெண்டு ஸ்பீக்கர்லயும் சமமா போடுவான். அது நட்டநடுவுல மோதிகினு செத்துப்போவும். வயலின அந்தாண்ட கொஞ்சம் இந்தாண்ட கொஞ்சம்னு பிரிச்சிப் போடுவான்; அது பொழச்சிக்கும். நீ ஓரமா நிக்கற, ஒனக்குக் கேக்குது. ஒரு அடி தப்பா அளந்திருந்தா ஒங்கம்மாவுக்கும் கேட்டிருக்கும். நீ கரெக்டா அளந்துட்ட!”

அளந்த குற்றத்துக்காகத் திட்டு வாங்குவது லோகநாதனுக்கு இதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் வந்து நின்றது. சம்பந்தம். லோகநாதன் எழுந்து கேட்டருகே போனார். ரேகா ஒயரை அவிழ்த்து, முனையைத் திருகி, நிறம் பார்த்துச் செருகிக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் போய்த் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வெளியே சம்பந்தம் குரலைத் தாழ்த்திப் பேசுவதும், லோகநாதன் “ம்... அது வந்து...” என்று இழுப்பதும் முடிந்து, இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள்.

“இப்ப கேளுங்க பெரிம்மா” என்று ரேகா சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவைத்தாள்.

கன்னியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மாசமாகக் கிணற்றடியில் கிடந்த பேச்சு, வெண்கலப் பானையைத் தட்டினாற்போல் நாற்காலியின் நடுவே வந்து விழுந்தது. அந்த முகத்தில் ஏறிய வெளிச்சத்துக்கு லோகநாதன் வீட்டுக் கரண்டு மீட்டர் இரண்டு யூனிட் குறைந்திருக்க வேண்டும்.

“இன்னா சொல்றான், சொல்லும்மா” என்றார் லோகநாதன்.

“நாளைக்கு மழ வரலாமாம், வராமலும் போலாமாம்” என்றார் கன்னியம்மாள், கண்ணைத் திறக்காமலே. “அப்பறம் இன்னொரு சேதி. கெழவியாண்ட இன்னாத்துக்குக் கேக்கணும், அதுக்குத்தான் காது கேக்காதே, நீ சரின்னு சொல்லு நைனா, பத்து லோடு மண்ணு கொட்டி மேடாக்கிடறேன்னு வாசலாண்ட ஒருத்தர் சொன்னாரு. இது டிவில வரல.”

சம்பந்தத்துக்குப் புரையேறியது.

“கொட்டட்டும் லோகு. நல்ல வண்டல் மண்ணா கொட்டச் சொல்லு. இன்னும் ரெண்டு பாத்தி கூடப் போடலாம்.”

லோகநாதன் அம்மாவைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், சட்டைப் பையில் கிடந்த மெஷினைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சம்பந்தத்தின் பக்கம் திரும்பினார். “அண்ணாத்தே, எங்கம்மாவுக்குக் காது கேக்குது. எடம் தோட்டமாவே இருக்கட்டும். லாரிக்கு வேற எங்கனா பாருங்க.”

மறுநாள் விடியலில் கன்னியம்மாள் ரோட்டைத் தாண்டினார். ரொம்ப தூரத்தில் வந்த ஒரு லாரி ஹார்ன் அடித்தது. “கேக்குதுடா, போ” என்று அதற்கும் பதில் சொன்னாராம்.

ரேகா இந்தக் கதையை அந்த வாரம் முழுக்க, போன வீட்டிலெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை உரம் போட்ட கீரையாக வளர்ந்தது. அடுத்த ஞாயிறு, சேக்காட்டில் தன் வாசலில் நின்று எதிர்வீட்டுக் கிருஷ்ணப்பிரியாவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்த சமயம், கதை நன்றாக முற்றியிருந்தது.

“ஒயர மாத்திக் குத்தனேன் பாரு, அம்பது பேரு எழுந்து நின்னு கைதட்றாங்க! சம்பந்தம் வேட்டிய மடிச்சிக் கட்டிகினு பட்டாபிராம் வரைக்கும் திரும்பிப் பாக்காம ஓட்றான்!”

பக்கத்துத் தெரு முனையிலிருந்து, கீரைக் கூடைக்கு அடியிலிருந்து, ஒரு குரல் வந்தது.

“அம்பது பேரு ஏதுடி? ஒன்னையும் சேத்து அஞ்சே பேரு. கைதட்டல, ராதிகா கீழ உட்ட கரண்டிதான் சத்தம் போட்டுச்சி, அதுவும் முன்னாடியே. சம்பந்தம் ஓடவும் இல்ல. ஒக்காந்து காப்பி குடிச்சிட்டு, ஒரு கட்டு சிறுகீர வாங்கினு பைக்லதான் போனான்.”