வதனி பிடித்த சுருதி

இன்று வகுப்பில் ஒரு சின்ன மாணவி சுருதிப்பெட்டியின் திருகைச் சட்டென்று திருப்பினாள். சுருதி உயர ஏறியதும் என்னையறியாமல் அவள் தலையைத் தரையோடு அமுக்கிவிட்டேன்.

சிறுவயதில், போர்க்காலத்தில், நல்லூரில் எங்கள் வீட்டு விறாந்தையில் அக்கா அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பிள்ளை சுருதியைப் பிடித்துவிட்டால் தனக்கே பரிசு கிடைத்ததுபோலக் கைதட்டிச் சிரிப்பாள். அவர்களில் வதனி மட்டும் ஒருநாளும் பிடித்ததில்லை.

ஒருநாள் பாட்டுக்கு நடுவே தூரத்தில் பொம்மர் விமானம் இரைந்தது. வேறெங்கோ போகிறது என்று அக்கா பாட்டை நிறுத்தவில்லை. குரல் மட்டும் நடுங்கியது. திடீரென்று வதனி வீரிட்டாள்.

"அக்கா, பிளேனின்ரை சுருதி ஏறுது!"

குண்டு போடத் தாழப் பதியும்போதுதான் அந்த இரைச்சல் அப்படி ஏறும். அக்கா எங்களை முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் தள்ளிவிட்டுத் தானும் விழுந்தாள். நிலம் குலுங்கியது. தலையில் மண் கொட்டியது. விறாந்தை ஓடுகள் நொறுங்குவது கேட்டது. இருட்டில் அக்காவின் பற்கள் கிடுகிடுத்தன. ஆனாலும் வதனியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சரியாப் பிடிச்சிட்டாயடி," என்றாள்.

மாணவி எழும்பிப் பாவாடையைத் தட்டினாள். "சுருதி ஏறினதுக்கோ ரீச்சர் பயந்தனீங்கள்?"

"ஓம்," என்றேன். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். "சரியாப் பிடிச்சிட்டாய்."