எப்பம் விரும்புதிய?

தாராவியில் ஒற்றைத் தகரக் கொட்டகையில் தொடங்கி மூன்று தோல்பைப் பட்டறைகளும் மாடி வீடும் கட்டியவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. என்னையே மடக்கியவர், பேத்தியைச் சேர்க்கப்போன பள்ளிக்கூடத்துக் கிளார்க். ஒல்லி உடம்பு, கயிறு கட்டிய கண்ணாடி. பேசுவதற்கு முன் ரப்பர் ஸ்டாம்பை ஒருமுறை ஊதுவார்.

“படிப்பு இலவசந்தான் அண்ணாச்சி. வகுப்புக்கு ஒரு ஃபேன் மட்டும்...”

“என்ன வே, கட்டாயமா?”

“சேச்சே, விருப்பந்தான். எப்பம் விரும்புதிய?”

ஸ்டாம்ப் பேத்தியின் விண்ணப்பத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அப்போதே விரும்பிவிட்டேன்.

ஃபேன் இறக்கையில் என் பெயரை எழுதச் சொன்னேன்.

“சுத்தும்போது யாரு படிப்பா?” என்றார்.

கெட்டிக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெயரை எழுதி, தினமும் ஐந்து நிமிடம் ஃபேனை நிறுத்த வேண்டும். பிள்ளைகள் படிக்கத்தானே வந்திருக்கிறார்கள்?