லைன் செத்துப்போச்சு, வந்து பாருங்க

லேண்ட்லைன் ரிப்பேர் வேலைக்கு ஏணியும் இடுக்கியும் அப்புறம்தான், முதலில் திட்டு வாங்கப் பழக வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை இந்த வேலைக்கு என் வண்டிதான் போகும். வீட்டில் இன்னும் ஒயர் போனை வைத்துக்கொண்டு, காதில் ரிசீவரோடு டயல் டோனுக்குக் காத்திருக்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

பேசுற ஒயர்

பாலவனத்தம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து மாதம் தவறாமல் புகார் வரும். பேசினால் கரகரவென்று சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. போஸ்ட்டில் ஏறிப் பார்த்தேன், போனைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. உச்சி வெயிலில் கொல்லைப்பக்கம் போனால், வீட்டுக்குத் தாழ்ந்து வரும் ஒயரில் நாலு சேலையும் ஒரு போர்வையும் ஈரம் சொட்டத் தொங்குகின்றன. பாரம் தாங்காமல் ஒட்டு விட்டுப்போயிருந்தது.

"அக்கா, இது பேசுற ஒயரு. இதுல துணி போடலாமா?" என்றேன். வீட்டுக்கார அக்கா போர்வையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பேசும்போது போட மாட்டோம் தம்பி, சும்மா கிடக்கையிலதான போடுறோம்."

சுவரோரத்துப் பின்

திருச்சுழியில் ஒரு விதைக்கடை அண்ணாச்சி வீடு. இரண்டே வாரத்தில் மூன்று புகார். போனைத் தூசி அண்டாமல் துடைத்து, துணி போர்த்தி வைத்திருப்பார்கள். ஆனால் போகும்போதெல்லாம் சுவரில் சொருகும் பின் கழன்று கிடக்கும். மூன்றாம் தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "பூனை கீனை இழுக்குதாக்கா?"

"பூனை இல்ல, அவுகதான்" என்றார் அண்ணாச்சியின் மனைவி. மகன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூரில் இருக்கிறானாம். அப்பா கடைக்குப் போனபிறகு அம்மாவைக் கூப்பிடுவானாம். அது தெரிந்து அண்ணாச்சி பின்னைப் பிடுங்கிவிட்டுக் கிளம்புவார். வீட்டில் இருக்கும் ஒரே செல்போனும் அவர் சட்டைப் பையில்தான். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து எங்களுக்குப் புகார் கொடுத்திருக்கிறார் இந்த அம்மா.

"அப்ப நீங்களே மாட்டிக்கிட வேண்டியதுதான?" என்று கேட்டுக்கொண்டே பின்னைச் சொருகினேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தவர், "சாப்பிட்டியாடா?" என்றார். அப்புறம் கேட்டுக்கொண்டே நின்றார். வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "நான் மாட்டுனா என்னை வைவாக தம்பி. நீங்க மாட்டுனா ஆபீஸத்தான் வைவாக."

நாளைக்குப் போய்க்கலாம்

நரிக்குடி தாண்டி ஒரு ஊர். கண்மாய்க் கரைமேல் ஏறினால்தான் அங்கே செல்போனில் சிக்னல் எடுக்கும். ஒரு முறை நெஞ்சுவலி கண்ட, விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர், அவசரத்துக்கு ஆகுமென்றே லேண்ட்லைனை விடாமல் வைத்திருந்தார். ஒரு மழைநாளில் அவர் வீட்டு லைன் போய்விட்டது. தகவல் வந்தபோது நான் ஐந்து வீடு பார்த்து முடித்திருந்தேன். அலுப்பு. நாளைக்குப் போய்க்கலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. முந்தின சாயங்காலமே அவருக்குத் திரும்ப வலி வந்திருக்கிறது. போனை எடுத்தால் சத்தமில்லை. அவர் மனைவி சகதியில் கரைக்கு ஓடிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வரத் தாமதமாகி, கடைசியில் லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சம்சாரி பிழைத்துவிட்டார். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய அன்றைக்கே போனேன். ஆள் பாதியாகக் கட்டிலில் கிடந்தார். "அன்னைக்கே வந்திருக்கணும்யா. அலுப்புல நாந்தான் வரல" என்றேன். அவர் மனைவி என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். சம்சாரி போனைக் கை காட்டினார்: "அத விடுங்க. இப்ப நல்லா மாட்டிவிடுங்க, அடுத்த தடவைக்கு வேணும்ல."

என் வீட்டுக்கு மட்டும் நான் லேண்ட்லைன் வாங்கவில்லை, கெட்டுப்போனால் வந்து பார்க்கிற ஆள் எப்படிப்பட்டவன் என்று எனக்குத்தானே தெரியும்.