ஓரத்தில் இருந்த வருடங்கள்

பைண்டருக்கு நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அவர் அதற்கு ஒரு வருடம் முன்பே அலுத்திருந்தார். அச்சகம் ஒன்றில் தரை கூட்டச் சேர்ந்து, மை பூசி, தாள் அடுக்கி, பத்தொன்பது வயதில் கட்டிங் மெஷினின் கைப்பிடியைப் பிடித்தவர். இப்போது அறுபத்தொன்று. நடுவில் எவன் தயவும் இல்லாமல் சொந்தக் கடை, சொந்த வீடு, இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கட்டிங் மெஷின் என்று நிமிர்ந்து நின்றார். படித்தவர்களில் எத்தனை பேருக்கு இது வாய்த்தது? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெட்டில் அவரை அடிக்க ஆள் கிடையாது. நானூறு தாளை அடுக்கி ஒரே இழுப்பு இழுத்தால் விளிம்பு கண்ணாடி மாதிரி நிற்கும்.

"தடவிப் பாருங்க. ஒரு தாளாவது துருத்திக்கிட்டு நிக்குதா? நிக்காது" என்பார், வருகிறவர்கள் எல்லாரிடமும். தடவிப் பார்க்காமல் யாரும் தாள்கட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது.

கடை இருந்த தெருவில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிலையங்கள் ஏழு. வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், பொது அறிவு என்று எந்த நோட்ஸ் ஆனாலும் அவர் கத்திக்குக் கீழே வந்துதான் போக வேண்டும். அதைப் படித்ததில் ஒன்பது பேர் கலெக்டர் ஆகிவிட்டார்கள் என்பது அவர் சொல்லும் எண்ணிக்கை.

"அவங்க படிச்சாங்க, சரி. நான் கட்டிக் குடுக்கலேன்னா தாளெல்லாம் காத்துல போயிருக்குமே. எதைப் படிச்சிருப்பாங்க?"

பத்தாவது கலெக்டர் வீட்டிலேயே இருந்தாள். ஒரே மகள். ஐந்து முறை எழுதியாயிற்று. இரண்டு முறை முதல்கட்டத்திலேயே கவிழ்ந்தாள், இரண்டு முறை முதன்மைத் தேர்வில். ஒரு முறை நேர்முகம் வரை போய் பதினோரு மதிப்பெண்ணில் நழுவினாள். இது ஆறாவது. இதற்கு மேல் எழுத விதியில் இடம் இல்லை. முதல்கட்டம் தாண்டியிருந்தாள். வரலாற்றுத் தாளுக்கு இன்னும் ஒன்பதே நாள்.

அந்தச் சனிக்கிழமை காலை, உதிரித் தாள்களாக இருந்த தன் வரலாற்று நோட்ஸை மகள் கடைக்குக் கொண்டுவந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு தாள். நாலு வருட உழைப்பு.

"அப்பா, இடதுபக்கம் ஓட்டை போட்டு சுருள் கம்பி மட்டும் கோத்துக் குடுங்க. மாதிரித் தேர்வு இருக்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

"மட்டும்" என்றது அவர் காதில் விழுந்தது. கையில் விழவில்லை. அவள் போனபின் தாள்களை அடுக்கித் தட்டினார். நாலு கடையில் நாலு அளவில் வாங்கிய தாள். விளிம்பு, பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. ஊரான் பிள்ளை நோட்டெல்லாம் கண்ணாடியாகப் போகும்போது சொந்த மகள் நோட்டு இப்படிப் போனால் தெருவே சிரிக்காதா? கட்டை மெஷினில் வைத்தார். வலது ஓரத்தில் கட்டைவிரல் அகலம் விட்டு, ஒரே இழுப்பு. அப்புறம் நீல அட்டை, வெள்ளிக் கம்பி. மேஜையின் நட்டநடுவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் மகள் வந்தாள்.

"தடவிப் பாரு" என்றார்.

அவள் தடவவில்லை. பிரித்தாள். இரண்டு பக்கம் புரட்டினாள். பத்துப் பக்கம் புரட்டினாள். கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி முதலுக்கே வந்தாள்.

"அப்பா, வருஷம் எங்க?"

"எந்த வருஷம்?"

"எல்லா வருஷமும்."

விஷயம் இதுதான். நடந்ததையெல்லாம் தாளின் நடுவில் எழுதி, நடந்த வருடத்தை மட்டும் வலது ஓரத்தில் கோடு கிழித்து எழுதுவது அவள் வழக்கம். படிக்கும்போது ஸ்கேலால் ஓரத்தை மறைத்துக்கொண்டு, வருடம் தெரிகிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்வாள். இப்போது போர்கள் எல்லாம் இருந்தன, சட்டங்கள் இருந்தன, கலகங்கள் இருந்தன. எதுவும் எப்போது நடந்தது என்பதுதான் இல்லை.

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "நகம் வெட்டச் சொன்னா விரலை எடுத்துட்டு நிக்கறாரு."

"புத்தகத்துல இல்லாத வருஷமா?" என்றார் பைண்டர், குரலை இறக்கி.

"இருக்குப்பா. முப்பது புத்தகத்துல இருக்கு. மறுபடி தேடி எடுக்க ஒரு வாரம் ஆகும். போன்ல கேட்டா ஒவ்வொண்ணுக்கும் மூணு வருஷம் சொல்லுது." அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நீல அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"வெட்டின துண்டு எங்க?" என்றாள் மனைவி.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் வெட்டுத் துண்டுகளை நாலு கடை தள்ளியிருந்த சலவைக்கடைக்காரர் வாங்கிக்கொண்டு போவார். அவற்றை நறுக்கி, வெள்ளைப் பக்கத்தில் வீட்டு எண் எழுதி, சலவைத் துணியில் குண்டூசியால் குத்தி அனுப்புவார்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். சலவைக்காரர் தகர டப்பாவை நீட்டினார்.

"என்ன அண்ணே, குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்க? நல்ல தாளா இருந்துச்சு. மேலாக இருந்ததை நறுக்கி மத்தியானத் துணிக்குக் குத்தி அனுப்பிட்டேன்."

"எத்தனை வீட்டுக்கு?"

"ஒரு பத்து வீடு இருக்கும். ஏன், அதுல ஏதாச்சும் எழுதியிருந்துச்சா?"

"நம்ம நாட்டு சரித்திரமே எழுதியிருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கவில்லை. தரையில் துண்டுகளைப் பரப்பினார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் பைண்டர் மெதுவாகத்தான் போவார். எண் என்றால் புலி. அளவு பார்த்தே பிழைத்தவர் அல்லவா? அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து வாசித்தார்.

"ஆயிரத்து எழுநூத்தி அறுபத்து நாலு."

"பக்சார் போர். நாப்பத்தாறாம் பக்கம்."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு."

"வங்கப் பிரிவினை. இருநூத்திப் பத்து. கீழேருந்து ரெண்டாவது வரி."

அவர் வாசிக்க, அவள் சொல்ல, மனைவி பசை தடவி ஒட்டினாள். சாயங்காலத்துக்குள் டப்பா காலி. சலவைத் துணியோடு போனவற்றையும் மகள் நினைவிலிருந்தே பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள். பத்தொன்பது இடத்தில் பென்சில் நின்றுவிட்டது.

"இந்தப் பத்தொம்பதும் எனக்கு எப்பவுமே தகராறுதான். மாத்தி மாத்தி எழுதிடுவேன். அதுக்காகத்தான் ஓரத்துல எழுதி வெச்சேன்."

"புத்தகம் தேடன்னு நீ எழுந்திரிக்காதே. உக்காந்து படி" என்றார். "உன் வருஷத்தை நான் கொண்டு வரேன்."

திங்களும் செவ்வாயும் சைக்கிளில் வீடு வீடாக ஏறி இறங்கினார். யார் வாசலிலும் போய் நின்று கேட்டறியாத மனுஷன்.

டாக்டர் வீட்டம்மா கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, "எங்க தலையணை உறையில உங்களுக்கு என்னங்க வேலை?" என்றார்.

"உறை வேணாம்மா. அதுல குத்தியிருக்கற சீட்டு மட்டும் போதும். அதுக்குப் பின்னாடி ஒரு வருஷம் இருக்கு."

"வருஷமா?"

"எம் பொண்ணோடதும்மா."

அந்தம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினார். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று.

வக்கீல் சீட்டை எடுக்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். பைண்டர் சைக்கிளில் துரத்தி, நடுத்தெருவில் அவர் காலருக்குப் பின்னால் கையை விட்டார். வக்கீல் நாலு சட்டப் பிரிவுகளைச் சொல்லி மிரட்டினார். "அதுல எதாச்சும் எந்த வருஷம் வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தார் நம் ஆள். பேங்க் மேனேஜர் வீட்டில் குப்பைக்கூடையையே கவிழ்த்தார். பாட்டு டீச்சர் வீட்டில் நாய் ஒரு வருடத்தைப் பாதி தின்றிருந்தது. மீதிப் பாதி போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போது, பட்ட பாடு தெரிய வேண்டாமா? சும்மா கொடுக்கவில்லை. "இது டாக்டர் வீட்டுத் தலையணை உறை. திருடன்னு நெனச்சுட்டாங்க. இது வக்கீல் காலர். இது நாய் வாயி." அவள் ஒட்டிக்கொண்டே கேட்டாள். பதினெட்டு வந்து சேர்ந்தன. ஒன்று மட்டும் தபால்காரர் மருமகனின் கால்சட்டையோடு வெளியூர் போய்விட்டது.

வரலாற்றுத் தாள் அன்று தேர்வு மையத்து வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் கூட்டத்தோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"கேட்டானா?"

"நிரந்தர நிலவரித் திட்டம் கேட்டிருந்தான். இருபது மார்க்."

"வருஷம்?"

"தலையணை உறை."

அவருக்கு ஒரு நொடி ஆனது. "ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்து மூணு" என்றார்.

"அதேதான். ஒவ்வொரு தடவையும் தொண்ணூத்தொண்ணுன்னு எழுதிட்டு வந்து அழுவேன். இன்னைக்கு டாக்டர் வீட்டம்மா ஜன்னல்ல கையை நீட்டறது அப்படியே கண்ணுல வந்துச்சு. காலரும் வந்துச்சு, நாயும் வந்துச்சு."

"மருமகன் கால்சட்டை?"

"அதை அவன் கேக்கலை. பொழைச்சேன்."

பைண்டரின் மார்பு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. "அப்ப நான் வெட்டினதும் ஒரு வகையில..."

"அப்பா, அதை மட்டும் வெளியில சொல்லிடாதீங்க. முக்கியமா அம்மாகிட்ட."

சொல்லாமல் இருப்பாரா? அடுத்த வருடம் இறுதிப் பட்டியல் வந்தபோது சலவைக்காரரிலிருந்து வக்கீல் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மகளின் எண் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், அடி ஓரத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அவரே பிரதி எடுத்தார். தாள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக வந்தது. கட்டிங் மெஷினில் வைத்துக் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தாளை வெளியே எடுத்து, இருந்தபடியே கடைச் சுவரில் ஒட்டினார்.

நோட்ஸ் கட்ட வந்த ஒருத்தி கேட்டாள். "என்ன சார், உங்க கடையிலேயே ஓரம் கோணலா இருக்கு?"

"இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார். "உன் கட்டைக் குடு. ஓரத்துல ஏதாவது எழுதியிருக்கியா?"