ரோஸ்லின் காத்திருந்த எறும்பு

ரோஸ்லின் இறந்த செய்தி வந்தபோது நான் ஆலை வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றிருந்தேன். அழைத்தவர் அவருடைய கணவர் டேனியல். "ரோஸி பூட்டா சேகரு" என்றார். பல மாதங்களாகவே சிறுநீரகக் கோளாறு, எதிர்பாராத சாவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அவர் வீட்டில் டியூபில் வைத்து வளர்த்த அந்த ராணி எறும்பின் முதல் பிள்ளைகள் வெளியே வந்தனவா, அது என்ன வகை என்று ரோஸ்லின் கடைசியில் தெரிந்துகொண்டாரா என்பதுதான். எறும்பு வளர்க்கும் நம் குழுவில் சொன்னால் இது புரியும். வெளியாளிடம் சொன்னால் அடிக்க வருவான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் ரோஸ்லினும் ஏறக்குறைய ஒரே வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு குழாய் ஆலையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவர் தரச் சோதனைப் பிரிவு, நான் எலக்ட்ரீஷியன். பொன்னேரியிலிருந்து ஒரே ரயிலில்தான் போவோம் என்றாலும் வெகு காலம் வெறும் தலையசைப்போடு சரி. எறும்புதான் எங்களைப் பேச வைத்தது. ஒரு மழைக்காலத்தில் மின் பெட்டிக்குள் எறும்பு புகுந்து இயந்திரங்கள் நின்றுவிட்டன. செத்துக் குவிந்திருந்த எறும்புகளை ஊதித் தள்ள நான் புளோயரை எடுத்தேன். சூப்பர்வைசர் என் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். நடுவே ரோஸ்லின் வந்து கையை நீட்டினார்.

"ஊதாத. எனக்கு கொஞ்சம் குடு."

"இன்னாத்துக்கு?"

"இன்னா எறும்புன்னு பாக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேலை நின்று கிடக்கிறது, இவருக்கு எறும்பின் ஜாதகம் வேண்டுமாம். ஒரு காகிதத்தில் அள்ளிக் கொடுத்துத் துரத்தினேன். சாப்பாட்டு நேரத்தில் அவராகவே என்னைத் தேடி வந்தார். வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து அதே எறும்பைக் காட்டினார். வயிற்றுக்கு முன்னால், இடுப்பில் ஒரு குட்டி முடிச்சு. "சிலதுக்கு ஒண்ணு இருக்கும், சிலதுக்கு ரெண்டு இருக்கும். மொதல்ல இடுப்பப் பாரு. கலரப் பாத்து பேரு வெக்காத" என்றார். அவருக்கும் அப்போது தெரிந்தது அவ்வளவுதான். என் சாம்பார் சாதம் ஆறி அவலாய்ப் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

எங்கள் ஆலையில் சோதனையில் தேறிய குழாயில் பச்சை அட்டை கட்டுவார்கள், கழித்ததில் சிவப்பு. என்ன செய்வதென்று முடிவு தெரியாமல் நிறுத்தி வைத்ததில் மஞ்சள். ரோஸ்லின் இந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் வீட்டு அலமாரியில் பஞ்சு அடைத்த கண்ணாடி டியூப்கள் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ராணி, அதன் குடும்பம். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டைத் துண்டு. அநேகமாக எல்லாமே மஞ்சள். நான் அவசரக்காரன், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிடுவேன். "பேரு இன்னா ஓடியா பூடும்? மஞ்ச கட்டு" என்பார். அவரிடம் இதை வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் நம் குழுவில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

இத்தனை ஜாக்கிரதைக்காரரும் ஒரு தடவை பச்சை அட்டை கட்டி மாட்டிக்கொண்டார். கேன்டீன் பின்னால் இருக்கும் மாமரத்தில், இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்புகள் இருந்தன. அவற்றின் நடுவே தனியாகத் திரிந்த ஒன்றை இருவரும் பிடித்தோம். மற்றவற்றைவிடத் தாடை நீளம். புது வகை என்றேன். அவரும் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, அதே இனத்தில் ஏதோ வேறு மாதிரி என்று ஒப்புக்கொண்டார். குழுவில் படம் போட்டோம், பாராட்டு குவிந்தது. சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் மட்டும் அது திரும்பிப் பார்க்காது. ஒரு நாள் காலை ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"சேகரு, எறும்பு நூல் வுட்டு தொங்குமா?"

"தொங்காதே."

"நம்மளுது தொங்கிக்கினு கீது."

அவர் பையிலிருந்து எடுத்த டியூபைப் பார்த்துக் கால்களை எண்ணினோம், எட்டு. முன்னங்கால் இரண்டையும் தூக்கி மீசை மாதிரி ஆட்டிக்கொண்டு, எறும்பு வேஷம் போடும் சிலந்தி அது! அத்தனை நாளும் இடுப்பை ஆராய்ந்தவர்கள் காலை எண்ண மறந்துவிட்டோம். நானாக இருந்தால் சத்தமில்லாமல் படத்தை அழித்திருப்பேன். அவர் சிவப்பு அட்டை கட்டி, அதையும் படமெடுத்துக் குழுவில் போட்டார். பெட்டி முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி நாங்கள் சிரித்தது நினைவிருக்கிறது. அந்த மனுஷியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றுதான்.

கடைசி ராணி போன மழையில் வந்தது. சாயங்கால ஷிப்ட் முடிந்து வரும்போது ஆலை வாசல் விளக்கடியில் சிறகை உதிர்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்ததை ரோஸ்லின் பிடித்தார். செம்பழுப்பு நிறம், நல்ல உருண்ட வயிறு. குழுவில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னீர்கள். மலைக்காட்டு வகை, இங்கே யாரும் பார்த்ததே இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். ரோஸ்லின் எதையும் ஏற்கவில்லை. "மொத வேலைக்கார எறும்பு வரட்டும், பாத்துட்டு சொல்றேன்." அதற்குள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலியைவிட இதுதான் அவருக்குப் பெரிய கவலை. போய்ப் பார்ப்பவர்களிடமெல்லாம், "கூட்டுப்புழுலேருந்து எறும்பு வந்துச்சா?" என்றுதான் கேட்பார்.

கடைசியாக நான் பார்த்தபோது மிகவும் இளைத்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "சந்தேகமே வேணாம் ரோஸி. அபூர்வ வகைதான்" என்றேன்.

"பாத்தியா?"

"இல்ல."

"அப்ப எனக்காக சொல்றியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "அத்த வேணாம். நான் இல்லன்னாலும் நெஜமா பாத்துட்டு சொல்லு. எஸ்தர் கைல சொல்லு."

எஸ்தர் அவருடைய மகள், கல்லூரியில் படிக்கிறாள். எறும்பு என்றாலே கட்டிலில் ஏறி நின்றுகொள்ளும் பெண். அடக்கம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டியூப்களை எல்லாம் எடுத்து வரலாம் என்று பையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ராணியைச் சுற்றி நூல்முனை அளவில் சில எறும்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ரோஸ்லின் போனதற்கு மறுநாள் வந்தவை என்று எஸ்தர் சொன்னாள்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இடுப்பில் இரண்டு முடிச்சு. மீசை போன்ற உணர்கொம்பின் நுனியில் இரண்டு கணு தடித்திருந்தது. அவசரப்படாமல் இன்னொரு தடவை பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அபூர்வமும் இல்லை, மலைக்காடும் இல்லை. பொய் சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை.

"நெருப்பெறும்பும்மா. நம்ம ஊட்டாண்ட, ரோட்டாண்ட எல்லாம் கீதே, அதான்."

எஸ்தர் என்னையே பார்த்தாள். "சின்ன வயசுல என் கால கடிச்சிகினே இருக்குமே, அதுவா அங்கிள்?"

"அதேதாம்மா."

அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இதுக்கா அம்மா ஆஸ்பத்திரில எல்லாரயும் பேஜாரு பண்ணாங்க?"

நான் பையைத் திறந்து கையை நீட்டினேன். அவள் அந்த டியூபை மட்டும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இது இங்கயே இருக்கட்டும் அங்கிள். இன்னா சாப்டும்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லிக் கொடுத்தேன். மற்ற டியூப்களை எடுத்துக்கொண்டு வந்தேன், அவை நம் எல்லோருக்கும் சொந்தம். எனக்கென்று ரோஸ்லினிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான், எறும்பு தேடித் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடக்கும் பழக்கம். அன்றைக்கும் அப்படியே நடந்து வந்தேன். கடைவீதியைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. சாப்பாட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று வீட்டில் நல்ல திட்டு கிடைத்தது.