சானல் கரையில் கிடந்த சாக்கு

மகள் லீவுக்கு வந்து திரும்பிப் போகும்போது அவளுடைய பழைய போனை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். எங்கள் வார்டுக்காரர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பிலும் என்னைச் சேர்த்தாள். "அம்மா, பைப்பில வெள்ளம் எப்பம் வரும், கரண்டு எப்பம் போவும், ஆரு மரிச்சாங்க, எல்லாம் இதுல வரும். நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம், பாத்தா மதி" என்றாள். எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான்.

நாங்கள் இருப்பது எல்லைக்கு மலையாளப் பக்கம். நான் ஏழாம் கிளாஸ் வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மலையாளம் பேசுவதற்கு எனக்குத் தடையில்லை. வாசிப்பதுதான் பஸ் போர்டைப் பார்க்கிற மாதிரி, எழுத்துக் கூட்டி. அதிலும் குரூப்பில் பாதிப் பேர் மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார்கள். அது எனக்குப் பிடிபடவே இல்லை. காலையில் வருகிற பூவையும் கும்பிட்ட கையையும் பார்ப்பேன். பம்ப் ஹவுஸ்காரர் வாய்ஸ் போட்டால் கேட்பேன். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தனை வருஷம் வண்டியில் கத்தினது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, வீட்டில் அதிகம் பேச மாட்டார். சாயா வேண்டுமென்றால்கூட டம்ளரைத் தள்ளி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் மணிக்கு முன்னமே போய் பெஞ்சுகளை நேராக்குகிற மனுஷன். சாயங்காலம் நாற்காலியில் இருந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார். செய்தி வாசிக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். அவர் சந்தையில் சுமடு எடுத்துக்கொண்டிருந்தவர். மூட்டையோடு விழுந்ததில் ஒரு பக்கம் செயலற்றுப் போய் அன்று முதல் படுக்கையில் கிடக்கிறார். பேச்சும் குழறிவிட்டது. அவர்கள் செங்கல் என்கிற ஊரில் உள்ள கோவிலுக்கு விடாமல் போகிறவர்கள், நாங்கள் சபைக்காரர்கள். அது எங்களுக்குள் ஒரு காரியமாக இருந்ததே இல்லை. விழுவதற்கு முன்னே அவர் இவருடைய வண்டியில்தான் சந்தைக்குப் போவார். "கண்டக்டரே, நம்ம வார்டுக்காரனுக்கும் டிக்கெட்டா?" என்பார். "நீ ஏறினா வண்டிக்க டயரு தாழுது எலே, உனக்கு ரெண்டு டிக்கெட்டாக்கும்" என்பார் இவர். வீட்டில் பேசாத மனுஷன் அவரோடு மட்டும் அப்படிப் பேசுவார்.

அவர் விழுந்தபிறகு இவர் ஒரே ஒரு முறைதான் உள்ளே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து சோறு உண்ணவில்லை. பிறகு போகவும் இல்லை. ஆனால் குடும்ப ஜெபத்தில் ஒருநாளும் விடாமல் அவருக்காக வேண்டுவார். "அடுத்த வீட்டிலெ கிடக்கிற உம்முடைய பிள்ளையை எழும்பப் பண்ணும் ஆண்டவரே" என்று சொல்லும்போது அவர் குரல் இடறும். அதைக் கேட்டு எனக்கும் கண் நிறையும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஜெபித்தோம். நான் அரிசி களையப் போனேன். போன் அடுக்களைத் திண்டில் இருந்து டிங், டிங் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. யாரோ மரித்துவிட்டார்கள் என்று நினைத்து ஈரக்கையோடு எடுத்தேன்.

சானல் வாய்க்கால் திரும்புகிற இடத்தில் எடுத்த ஒரு போட்டோ. ஒரு அரிசிச் சாக்கு பிளந்து கிடக்கிறது. நாய்கள் இழுத்துப் போட்டிருக்கின்றன. உள்ளே இருந்து வெளியே கிடந்ததெல்லாம் பெரியவர்களுக்குக் கட்டுகிற டயப்பர். ஒன்றிரண்டு வெள்ளத்திலும் மிதக்கிறது. கீழே ஒவ்வொருவராக எழுதிக்கொண்டே போகிறார்கள். வெட்கம் இல்லாதவர்கள், பஞ்சாயத்தில் சொல்லிப் பைன் போட வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்று. அதற்கும் கீழே எங்கள் வீட்டுக்காரருடைய போட்டோ வந்து, பக்கத்தில் நல்ல மலையாள எழுத்தில் ஒரு செய்தி.

நான் எழுத்துக் கூட்டி வாசித்ததால் அது துண்டு துண்டாகத்தான் வந்தது. "கிடப்பு ரோகி" என்றது முதலில். பிறகு "உள்ள வீட்டில் போய்க் கேட்டால் தெரியும்" என்றது. "சொந்த நாற்றத்தை வீட்டுக்குள்ளேயே வைத்து மணத்திக்கொள்ளட்டும், ஊரை நாற வைக்க வேண்டாம்" என்று முடிந்தது. மோந்துகொண்டு கிடக்கட்டும் என்று அர்த்தம். அடியில் சிரிக்கிற முகங்கள் வரிசையாக.

எங்கள் பாதையில் கிடப்பு ரோகி ஒரே ஒருத்தர்தான்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டுக்காரி குரூப்பை விட்டுப் போனதாக ஒரு வரி வந்தது. அவள் ஒன்றும் எழுதவில்லை. போய்விட்டாள். அதற்கும் ஒருத்தர் சிரிக்கிற முகம் போட்டார்.

முன்னறையில் இவர் அப்போதும் பெருவிரலால் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தில் வேதபுத்தகம், அதன்மேல் மடக்கி வைத்த கண்ணாடி.

"இது நீங்க எழுதினதா?" என்று போனை நீட்டினேன்.

"நீ எப்பம் மலையாளம் வாசிக்கப் படிச்சே?"

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்க."

"நான் ஆருக்க பேரும் சொல்லல்ல."

"பின்ன எத்தனை வீட்டுல உண்டு கிடப்பு ரோகி?"

அவர் போனைக் கவிழ்த்தி வைத்தார். "எட்டி, அந்த வெள்ளத்துலயாக்கும் கீழ உள்ள பிள்ளைய குளிக்கியது. அதைச் சொல்லாண்டாமா? எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா ஆரு சொல்லுவா?"

அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. "சொல்லலாம். மணத்திக்கொள்ளட்டு எண்ணு சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டேன். பிறகு இரண்டு பேரும் இருந்து சோறு உண்டோம். பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

மறுநாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் துணி அலசுகிற சத்தம் கேட்டது. எப்போதும் "அக்கா, சாயா குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்குவாள். அன்று தலை நிமிரவில்லை. ஒரு பப்பாளியைப் பறித்து எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். வெறுங்கையோடு போக எனக்கு முகம் இல்லை.

போகும்போதே என்ன சொல்வது என்று மனதில் அடுக்கிக்கொண்டேன். அவருக்கு வயசாச்சு, தெரியாமல் எழுதிவிட்டார், நீ அப்படிச் செய்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். இவ்வளவும் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொள்வது என்று.

"மக்கா, நீ அதைப் போட்டிருக்க மாட்டே எண்ணு எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் விரிப்பின் ஒரு முனையை என் கையில் தந்தாள். நான் பிடித்தேன். மறுமுனையை அவள் முறுக்கினாள். வெள்ளம் எல்லாம் வடிந்தபிறகு சொன்னாள்.

"நான் போட்டதாக்கும் அக்கா."

முறுக்கின விரிப்பின் முனையை நான் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிளாஸ்டிக் எடுக்க வாற பெண்ணுங்க இதை எடுக்க மாட்டாங்க. கையெடுத்துக் கும்பிட்டும் பாத்தாச்சு. குழி தோண்டிப் போட்டேன். இருக்கியது மூணு சென்டு, இந்தால கிணறு. மழையில மண்ணு இளகி நாயி தோண்டிச்சு. அதுக்கு முன்ன தீ வச்சுதான் பாத்தேன். உங்களுக்கு ஓர்மை இல்லியா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு ஓர்மை வந்தது.

ஒரு நாள் துணி காயப்போடும்போது அந்தப் பக்கத்திலிருந்து புகை வந்தது. சகிக்க முடியாத ஒரு வாடை. நான் மதிலண்டை போய், கோபமே இல்லாமல், நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். "இது என்ன மணம் பிள்ளே, துணியில எல்லாம் பிடிக்குதே" என்று. அவள் "இப்பம் அணைக்கிறேன் அக்கா" என்று வாளி வெள்ளத்தை எடுத்து ஊற்றினாள். பிறகு புகை வரவே இல்லை. நல்ல பெண், ஒரு வார்த்தை சொன்னதும் கேட்டுக்கொண்டாள் என்று நான் இவரிடம் மெச்சிச் சொல்லவும் செய்தேன். அதன்பிறகு அதையெல்லாம் அவள் எங்கே கொண்டுபோகிறாள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் வாடை இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இவர் எழுதினதை வாசித்து நாணப்பட்டுத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அங்கே நிற்கும்போது அந்த நாணக்கேடு இவரை விட்டு என்மேல் ஏறிக்கொண்டது. வீட்டிலேயே வைத்து மணத்திக்கொள்ளட்டும் என்று அவர் எழுதத்தான் செய்தார். அதைச் சிரித்த முகத்தோடு முன்னமே சொல்லி முடித்தது நான்.

உள்ளே கட்டிலில் இருந்து அவர் என்னைக் கண்டு நல்ல கையைத் தூக்கினார். ஒன்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவள் எடுத்துச் சொன்னாள். "கண்டக்டரு வரல்லியா எண்ணு கேக்காரு."

"வருவாரு" என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

முற்றத்தில் வந்து, "நான் குரூப்புல வாய்ஸ் போட்டுச் சொல்லட்டா மக்கா?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுவீங்க? போட்டது நான். ஒண்ணும் சொல்லாண்டாம். சொன்னா இன்னும் நாலு பேரு வருவாங்க, எதுக்கு? வெள்ளம் எப்பம் வரும் எண்ணு மட்டும் சொல்லித் தாருங்க. இப்பம் எனக்கு அது தெரியாதே" என்றாள்.

எவ்வளவு விரிப்பு துவைக்கிறவள். வெள்ளம் வரும் நேரத்தைக்கூட இனி அவள் எங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். "அவள்தான் போட்டாளாம்."

"பாத்தியா, நான் சொல்லல்லியா?" என்று நிமிர்ந்தார்.

"புகை வருது எண்ணு அவள தீ வைக்க விடாம ஆக்கினது நானாக்கும். அதையும் எழுதுங்க. நல்ல மலையாளத்துல எழுதுங்க."

அவர் என்னையே பார்த்தார். நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு இருந்தோம். மகளுக்காக வேண்டினார், பேரப்பிள்ளைகளுக்காக வேண்டினார். "அடுத்த வீட்டிலெ" என்று தொடங்கினார்.

"அது இண்ணு வேண்டாம்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். கல்யாணம் கழிந்து வந்த நாள் முதல் அவருடைய ஜெபத்தை நான் இடையில் நிறுத்தினதில்லை. அவர் ஆமென்கூடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் எழும்பினோம். முடிக்காத ஜெபத்தை விட்டுவிட்டு அரிசி களையப் போவது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாள் அவர் எங்கள் விளைத் தோட்டத்தின் கடைசியில், கிணற்றுக்குத் தூரமாக, மண்வெட்டியோடு நின்றார். அவரே ஆழமாகத் தோண்டினார், மூட ஒரு பழைய தகரம் வைத்தார், கடைக்குப் போய் ஒரு பை சுண்ணாம்புப் பொடி வாங்கி வந்தார். மதிலண்டை போய், "பிள்ளே, இனி இஞ்ச கொண்டுவா. தூரக் கொண்டுபோவாண்டாம்" என்றார். அவள் "செரி அண்ணா" என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

எழுதினதை அழிக்கவும் பார்த்திருக்கிறார். நேரம் கடந்துபோனதால் எல்லோருடைய போனிலிருந்தும் அது போகாதாம். பிறகு ஒரு நாள் குரூப்பில் வேறொரு வழக்கு வந்தது, யாருடையதோ மாடு யாருடையதோ மரச்சீனிச் செடியைத் தின்றது பற்றி. பேர் சொல்லாமல் ஒவ்வொருவரும் குத்த ஆரம்பித்தபோது இவர் இடையில் எழுதினார். பேர் சொல்லாமல் எழுதினாலும் பேர் சொன்னதுதான், சானல் விஷயத்தில் நான் எழுதியது பிழை, மாப்பு கேட்கிறேன் என்று. ஒருத்தர் கும்பிட்ட கை போட்டார். ஒருத்தர் சிரிக்கிற முகம் போட்டார். மற்றவர்கள் மாட்டுக்கே திரும்பிப் போனார்கள்.

குரூப்பில் உள்ள எல்லோரும் அந்த மாப்பை வாசித்திருப்பார்கள். அவள் மட்டும் அங்கே இல்லை.

போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்து, வெளியே வந்து வாசித்தாள். மலையாளம் அவள் மளமளவென்று வாசிப்பாள்.

"கொள்ளாம், நல்லதுதான்" என்றாள். போனைத் திருப்பித் தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இதை அவருக்கு வாசிச்சுக் காட்டாதீங்க அக்கா. முன்ன எழுதினதும் அவருக்குத் தெரியாது. கண்டக்டரு நல்ல மனுஷன் எண்ணு நினைச்சிட்டுக் கிடக்காரு. அது அப்படியே இருக்கட்டு."

இதை நான் வீட்டில் வந்து ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இவரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த போனைக் கீழே வைத்தார். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டார். பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை, பின்னாலேயே போனேன்.

வாசலில் அவரைக் கண்டதும் கட்டிலில் கிடந்தவர் சத்தம் போட்டுச் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. நல்ல கையை நீட்டி இவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததை விடவே இல்லை. இவர் அந்தக் கையைத் தந்துவிட்டுத் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னென்னவோ கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் "ஓ, ஓ" என்றார். டிக்கெட் பற்றியும் ஒன்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவளும் அதை எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

வெளியே பைப்பில் காற்று சீறியது. வெள்ளம் வரப் போகிறது. அவள் வாளியை எடுத்தாள், நான் குடத்தை எடுத்தேன். அந்த அறையில் இவரை விட்டுவிட்டு வெளியே வர ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு இருந்த ஆசுவாசம்கூட எனக்கு நாணமாகத்தான் இருந்தது.